முந்நூற்றெண்பது ரூபாய்

குரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லை என்று
ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தது
பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை.
தக்கலையில் கிளம்பி மார்த்தாண்டம் சேர்வதற்குள்
ஐந்து கல்யாண மண்டபம், எண்ணி முடியாத குருசடி,
வளைவில் நின்று ஆள் ஏற்றும் அரசுப் பேருந்து.
இதில் எந்த இடத்தில் வேகத்தை எண்பதில் கட்டிப்போட?

"அதொண்ணும் பாக்காண்டாம் வோய், சரியாக்கித் தாரும்"
என்றார் பெல்லார்மின்.
குளச்சல்காரர். கத்தாரில் இருபத்திரண்டு வருட டிரைவர்.
அங்கே ஓட்டிய அதே வண்டியைத் தேடி
கொச்சியில் பிடித்திருக்கிறார்.
தொண்ணூற்றெட்டு மாடல்,
என் மூத்த மகளைவிட இரண்டு வயது மூப்பு.

பானட்டைத் திறந்தேன்.
கம்ப்யூட்டர் நுழையாத பழைய ஏற்பாடு;
இன்ஜின் உறிஞ்சும் காற்று ஒரு சவ்வை இழுக்கும்,
சவ்வு கேபிளை, கேபிள் ஆக்சிலேட்டரை.
"ஆதியாகமம்" என்றேன்.
"தொடக்கநூல்" என்று திருத்தினார், கத்தோலிக்கர்.

சவ்வு வெடித்துக் கிடந்தது.
கம்பெனியில் அந்த நம்பரே இப்போது இல்லை.
வெளிச்சரக்கு, தைவான் பெட்டி,
கோயம்புத்தூர் சுற்றி வர பதினோரு நாள்.
வந்ததும் அதன் குணம் தெரிந்தது:
போல்ட் ஓட்டை நான்கு மில்லிமீட்டர் தள்ளி,
கேபிள் ஒரு விரல்கடை நீளம்.
ஓட்டையை அரத்தால் ராவினேன்.
நட்டைக் கடைசி மரைவரை திருகித் தொய்வை எடுத்தேன்.

பின்பக்கம் சகாயராணி வீட்டு முற்றத்தில்
ரப்பர் ஷீட்டுகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.
இங்கே வடிந்த பால் கடல் தாண்டி வெந்து
சவ்வாகி என் பெஞ்சுக்கே திரும்பியிருக்கலாம்.
வியட்நாம் பாலாகவும் இருக்கலாம்.
முகர்ந்து பார்த்தேன். ரப்பர் வாசம், அவ்வளவுதான்.

"பிரேக் சுவிட்ச்சையும் மாத்தும்."
"அது நல்லாத்தானே இருக்கு? பின்னால சிவப்பு எரியுதே."
"மாத்தும்."
"லோக்கல்தான் கிடைக்கும். முந்நூத்தெண்பது."
"ரெண்டு வாங்கும். நல்லது எதுன்னு பாத்து ஒண்ணு போடும்."

போட்டபின் டிரைவர் பக்கம் குனிந்து உட்கார்ந்து
பெடலைக் கையால் அமுக்கினார், விட்டார்.
அமுக்கினார், விட்டார்.
ஒவ்வொரு தடவையும் மீட்டரில் எண் மாறுவதை
உதடசைத்து எண்ணினார்.
நூறைத் தாண்டியபோது நான் டீ சொல்லப் போனேன்.

ஆரல்வாய்மொழி தாண்டி நாலுவழிச் சாலை.
ஆடிக் காற்று கணவாயிலிருந்து முதுகைத் தள்ளியது.
எண்பதில் பொத்தானை அழுத்தினார்; காலை எடுத்தார்.
நான் முள்ளைப் பார்த்தேன். அசையவில்லை.
திரும்பி வருகையில் காற்று எதிரே.
ஆளில்லாத பெடல் மெல்லக் கீழிறங்கியது,
கண்ணுக்குத் தெரியாத யாரோ
பக்கத்தில் உட்கார்ந்து மிதிப்பதுபோல.
எனக்கு மயிர்க்கூச்செறிந்தது; என் கைவேலைதான்.

"பிடிக்குது பாத்தீரா!" என்றேன்.
அவர் அதைக் கேட்கவில்லை.
முன்னால் ஒரு வண்டிகூட இல்லாத சாலையில்
பிரேக்கைத் தொட்டார்.
விளக்கு அணைந்தது, பெடல் மேலே வந்தது.
மறுபடி எண்பது. மறுபடி தொட்டார்.
காற்றாலைகளுக்குக் கீழே பதினான்கு தடவை.

பதினான்காவதில் சொன்னார்,
கண்ணாடியைப் பார்த்தபடி:
"என்கூட ஒரு வள்ளவிளைப் பையன் இருந்தான்.
அவனுக்க வண்டி விடல்ல."
பிறகு தோவாளை வரைக்கும்
காற்று மட்டும் பேசியது.

பட்டறையில் பில் எழுதினேன்.
கூலியில் ஐநூறு குறைக்கச் சொன்னார், குறைத்தேன்.
தைவான் பெட்டிக்கு முகம் சுளித்தார்.
சுவிட்ச் வரிக்கு வந்ததும் ஒன்றும் சொல்லாமல்
அடுத்த வரிக்குப் போனார்.
மிச்சமிருந்த இன்னொன்றை
சட்டைப்பையில், ஜெபமாலையோடு போட்டுக்கொண்டார்.

அன்று திங்கள்; திங்கள்நகர் வழியெல்லாம் சந்தை நெரிசல்.
முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார்.
பள்ளத்துக்கொரு தடவை சிவப்பு எரிந்து, அணைந்து,
எரிந்து,
மீன்வண்டிக்குப் பின்னால் மறைந்தது.